ரிப்போர்ட்டில் உள்ள புரதம் வேறு, தட்டில் உள்ள புரதம் வேறு

கேள்வி: நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. என் அம்மாவுக்கு 56 வயது. இடது மார்பில் 3 செ.மீ. அளவில் கட்டி. பயாப்சி எடுத்ததில் ‘இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, ஹெர்2 3+, ஈஆர் நெகட்டிவ், பிஆர் நெகட்டிவ்’ என்று வந்திருக்கிறது. ஹெர்2 என்பது ஒரு புரதம், கட்டி பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்று டாக்டர் சொன்னார். கூட வந்திருந்த பெரியம்மா அன்றிலிருந்து அம்மாவுக்கு முட்டை, பருப்பு, பால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். “கத்தி பட்டாலே பரவும், ஊசி குத்தினதே தப்பு” என்கிறார் மாமா. டாக்டரோ ஆபரேஷன் அப்புறம், முதலில் மருந்து என்கிறார். அதற்குள் வேர் விட்டுவிடாதா? ஒரு புரதம் எப்படி ஒரு செல்லை ஊடுருவ வைக்கும்? பாடம் நடத்துகிறவள்தான், ஆனால் அம்மா பெயர் போட்ட ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு ஒன்றும் ஓடவில்லை.
– ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் அடுப்படி விஷயம். இன்று இரவே அம்மாவுக்கு முட்டையைத் திரும்பக் கொடுங்கள். பருப்பு, பால், தயிர், சாப்பிடுகிறவர் என்றால் மீன், எல்லாமே. உங்கள் கடிதத்தைப் படித்ததும் என்னை உடனே உட்கார்ந்து எழுத வைத்தது அந்த ஒரு வரிதான். சிகிச்சை நாட்களில் ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். அம்மா 50 கிலோ என்றால் ஒரு நாளைக்கு 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பதே சுமார் 6 கிராம்தான். அதையும் நிறுத்திவிட்டு கஞ்சியும் ரசம் சோறுமாகக் கொடுத்தால் அந்தக் கணக்கை எட்டவே முடியாது. தசை கரையும், ஒரு கீமோவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் உடம்பு தேறாது, மருந்தைத் தள்ளிப்போட வேண்டிவரும். சிறுநீரகக் கோளாறு ஏதாவது இருந்தால் மட்டும் அளவை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியம்மாமேல் கோபப்படாதீர்கள். ‘புரதம்தான் காரணம்’ என்று டாக்டரே சொன்னதாகத்தான் அவர் காதில் விழுந்திருக்கும். தங்கையைக் காப்பாற்ற அவரால் முடிந்ததைச் செய்திருக்கிறார். சொல்லும்போது கவனமாக இருக்க வேண்டியது எங்களைப் போன்ற டாக்டர்கள்தான். அவருக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: சாப்பிடும் முட்டையும் பருப்பும் வயிற்றிலும் குடலிலும் அமினோ அமிலங்களாக உடைந்த பிறகுதான் ரத்தத்துக்குப் போகின்றன. ஹெர்2 வெளியிலிருந்து வந்ததே இல்லை. செல் தன் ஜீனைப் படித்துத் தானே செய்துகொள்வது அது. சாதாரண செல்லில் அந்த ஜீன் இரண்டு பிரதிதான் இருக்கும். அம்மாவின் கட்டியில் அது பல மடங்காகப் பெருகிக் கிடக்கிறது. பருப்பை நிறுத்தி அதைக் குறைக்க முடியாது.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ‘இன்வேசிவ்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

பால் நாளம் ஒரு மெல்லிய குழாய். உள்பக்கம் ஒரு வரிசைச் செல், அதைச் சுற்றி, சுருங்கி விரியக்கூடிய இன்னொரு வரிசை, எல்லாவற்றுக்கும் வெளியே அடித்தளச் சவ்வு. எபிதீலியம் நடத்தும்போது கரும்பலகையில் செல்களை வரிசையாகப் போட்டுவிட்டு அடியில் ஒரு கோடு இழுப்பீர்களே, அந்தக் கோடு. வயலுக்கு வரப்பு மாதிரி. செல்கள் வரப்புக்கு உள்ளேயே பெருகி நாளத்தை அடைத்துக்கொண்டிருந்தால் அதை டிசிஐஎஸ் என்போம். ஒரு கொத்துச் செல் வரப்பைத் தாண்டி வெளியே இருக்கும் கொழுப்புக்கும் நார்த்திசுவுக்கும் இடையில் வந்துவிட்டால் ‘இன்வேசிவ்’. அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள். நுரையீரலுக்கோ எலும்புக்கோ போய்விட்டது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. அது தனிக் கேள்வி, அதற்கு விடை ஸ்கேனில்தான் தெரியும். இந்த ஒரு சொல்லைத் தப்பாகப் படித்துவிட்டு நம்பிக்கையை விட்டுவிட்ட குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

செல் எதற்காக வரப்பைத் தாண்டுகிறது? அதற்கு வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் உத்தரவுகள் வருகின்றன. அந்த உத்தரவைச் சுமந்து போகிறவைதான் சமிக்ஞைப் புரதங்கள்.

இந்தத் துறையின் தொடக்கம் விலங்கியல் ஆசிரியையான உங்களுக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹன் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த குட்டிகளுக்குச் செலுத்தினார். குட்டிகள் வழக்கத்தைவிடப் பல நாள் முன்னதாகவே கண் திறந்துவிட்டன. அந்தச் சாற்றில் இருந்த சின்னப் புரதம் இமைத் தோலின் செல்களை வேகமாக வளரவும் முதிரவும் வைத்திருந்தது. அதுதான் ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி. 1986இல் ரீட்டா லெவி-மொண்டால்சினியோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஈஜிஎஃப் வந்து ஒட்டுவதற்குச் செல்லின் மேற்பரப்பில் ஒரு ஏற்பி இருக்கிறது. ஹெர்2 அந்த ஏற்பியின் உடன்பிறப்பு.

ஆனால் இந்த உடன்பிறப்புக்கு ஒரு தனிக் குணம். மற்ற ஏற்பிகள் வெளியிலிருந்து தூது வந்து ஒட்டினால்தான் விழிக்கும். ஹெர்2-க்கென்று சொந்தமாக ஒட்டும் தூதுப் புரதம் எதுவும் இல்லை. எப்போதும் கை நீட்டிக்கொண்டே நிற்கும், பக்கத்தில் அதே குடும்பத்து ஏற்பியான ஹெர்3 இருந்தால் அதனோடு, இல்லாவிட்டால் இன்னொரு ஹெர்2-வோடு ஜோடி சேரும். ஜோடி சேர்ந்ததும் செல்லுக்குள் இருக்கும் வால் பகுதிகளில் பாஸ்பேட் ஏறும், அங்கிருந்து செய்தி கைமாறி கைமாறி உட்கருவரைக்கும் போகும். ஒரு வழியில் போகும் செய்தி ‘பெருகு’, இன்னொரு வழியில் போவது ‘சாகாதே’. சாதாரண செல்லின் மேற்பரப்பில் சில பத்தாயிரம் ஹெர்2 இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள 3+ மாதிரிக் கட்டிகளில் ஒரு செல்லில் 20 லட்சம் வரைகூட இருக்கலாம். அவ்வளவு நெருக்கமாக நின்றால் ஜோடி சேராமல் இருக்குமா?

இங்கே ஒரு புதிர் வருகிறது. ஹெர்2 தான் ஊடுருவலுக்கு முழுக் காரணம் என்றால், ஹெர்2 மிகுந்த கட்டிகள் எல்லாம் வரப்பைத் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் ஊடுருவிய மார்பகப் புற்றுநோயில் 15 முதல் 20 சதவீதம்தான் ஹெர்2 பாசிட்டிவ். வரப்புக்குள்ளேயே நிற்கும் டிசிஐஎஸ்ஸில் அதைவிட அதிக விகிதத்தில் ஹெர்2 மிகுந்திருக்கிறது! அப்படியென்றால் இது மட்டும் போதாது.

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் ஜோன் ப்ருகியின் ஆய்வகம் இந்தப் புதிரை அழகாகப் பிரித்துக் காட்டியது. மனித மார்பகச் செல்களை ஒரு ஜெல்லுக்குள் வளர்த்தால் அவை உள்ளே வெற்றிடம் விட்டு, சின்னச் சின்னக் கோளங்களாக அமைந்துகொள்ளும். நாளத்தின் முனை மாதிரியே இருக்கும். செந்தில் முத்துசாமியும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் அந்தக் கோளங்களில் ஹெர்2-வை மட்டும் முடுக்கிவிட்டுப் பார்த்தார்கள். செல்கள் பெருகி வெற்றிடத்தை நிரப்பின, ஆனால் வெளியே ஊடுருவவில்லை. டிசிஐஎஸ் போலவே. 2004இல் அதே ஆய்வகத்தில் ஹெர்2-வோடு டிஜிஎஃப்-பீட்டா என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதத்தையும் சேர்த்தபோது, செல்கள் இடம்பெயர்ந்து ஊடுருவத் தொடங்கின.

டிஜிஎஃப்-பீட்டா நமக்கு அந்நியமான ஒன்றில்லை. கை வெட்டுப்பட்டால் ரத்தத் தட்டுகளிலிருந்து வெளியே வருவதும் அதுதான். காயத்தின் ஓரத்தில் உள்ள செல்களை நகர்ந்து வந்து மூட வைப்பதில், தழும்பு கட்ட வைப்பதில் அதற்குப் பங்கு உண்டு. நல்ல எபிதீலியச் செல்லை அது ‘பெருகாதே’ என்று அடக்கியும் வைக்கும். புற்றாக மாறும் செல் அந்த அடக்குமுறைக்குக் காது கொடுக்காமல் போய்விடுகிறது, ஆனால் ‘நகர்’ என்ற பகுதியை மட்டும் கேட்கிறது. ஒரே புரதம் ஆரம்பத்தில் காவலாகவும் பின்னால் துணையாகவும் மாறுவது இதனால்தான். டிஜிஎஃப்-பீட்டாவை அடக்கும் மருந்தை யோசிக்காமல் கொடுத்துவிட முடியாததும் இதனால்தான்.

நகர் என்றால் எப்படி நகரும்? நீங்கள் கருவியல் நடத்துவீர்கள் இல்லையா? கோழிக் கருவில் மேல் அடுக்கிலிருந்து சில செல்கள் ஒன்றையொன்று பிடித்திருந்த பிடியை விட்டுவிட்டு, உருமாறி, உள்ளே இறங்கி நடு அடுக்காக மாறும் பாடம். அந்த நேரத்தில் செல்லுக்குள் ஸ்நெய்ல், ட்விஸ்ட் என்ற கட்டளைப் புரதங்கள் விழித்து, ஈ-காதரின் என்ற ஒட்டுப் புரதத்தைக் குறைக்கும். பக்கத்துச் செல்லோடு இருந்த பிடி தளரும். டிஜிஎஃப்-பீட்டா புற்றுச் செல்லில் எழுப்பிவிடுவதும் இதே கட்டளையைத்தான். நீங்கள் கருவாக இருந்தபோது உங்களை உருவாக்கிய ஏற்பாடு, காலம் தவறி, இடம் தவறி ஓடுகிறது. அம்மாவின் உடம்பு எதையோ தவறாகச் செய்துவிட்டதாக எண்ணிக் கலங்குகிறவர்களுக்கு இதை நான் சொல்வதுண்டு.

பாடப்புத்தகத்தில் வருவதுபோல எல்லாச் செல்லும் தனித்தனியே பிரிந்து ஓடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு வந்திருக்கும் டக்டல் வகையில் செல்கள் பெரும்பாலும் கைகோத்தபடி, முன்னால் சில செல்கள் வழிகாட்ட, கூட்டமாகவே நகர்கின்றன. ஈ-காதரினை அடியோடு இழந்து ஒற்றை ஒற்றையாகப் போவது லோபுலார் என்ற இன்னொரு வகையின் வழக்கம்.

நகரும் செல்லின் முன்பக்கத்தில் ராக் என்ற சிறு புரதம் விழிக்கும். அது ஆக்டின் இழைகளைக் கட்டிக் கட்டி சவ்வை முன்னால் தள்ளும், அமீபாவின் போலிக்கால் மாதிரி. எதிரே கொலாஜன் என்ற நார்ப் புரத வேலி. அதை அறுக்க மெட்டலோபுரோட்டினேஸ் என்ற நொதிகள். இவற்றில் முதலாவதை 1962இல் ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாப்பியேரும் எங்கே கண்டுபிடித்தார்கள் தெரியுமா? தவளையாக மாறும் தலைப்பிரட்டையின் வாலில். வால் கரைவதற்கு அதுதான் கொலாஜனை வெட்டித் தருகிறது. வகுப்பில் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு மறக்காது.

அந்தக் கத்திரியை அடக்கினால் ஊடுருவல் நின்றுவிடும் என்று 1990களில் பெரிய நம்பிக்கை இருந்தது. மாரிமாஸ்டாட் போன்ற மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மூட்டு வலி வந்தது, புற்று நிற்கவில்லை. அந்த நொதிகளில் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, சில நமக்கு நல்லதும் செய்கின்றன. ஒரு கத்திரியைப் பிடுங்கினால் செல் இன்னொன்றை எடுக்கிறது, அல்லது உடம்பைச் சுருக்கி இடுக்கு வழியே நுழைந்துவிடுகிறது. உத்தரவு வந்துகொண்டே இருக்கும்வரை அது வழி தேடும். ஆகவே உத்தரவு பிறக்கும் இடத்திலேயே கைவைக்க வேண்டும் என்ற பாடத்தை அந்தத் தோல்வி எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

உத்தரவு பிறக்கும் இடம் புற்றுச் செல் மட்டும் என்றும் நினைக்காதீர்கள். குப்பையும் கிருமியும் விழுங்க வந்த மேக்ரோஃபேஜ் செல்களும் இதில் சிக்கிக்கொள்கின்றன. நியூயார்க்கில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் எலிகளின் மார்பகக் கட்டியில் இதைக் கண்ணால் பார்த்தார்கள்: புற்றுச் செல் சிஎஸ்எஃப்-1 என்ற புரதத்தை விட்டு மேக்ரோஃபேஜை அழைக்கிறது, மேக்ரோஃபேஜ் பதிலுக்கு ஈஜிஎஃப் தருகிறது, இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ரத்தக்குழாயை நோக்கி நகர்கின்றன. நார்த்திசுச் செல்களும் சும்மா இருப்பதில்லை, கொலாஜனைக் கொட்டி இறுக்குகின்றன. அம்மாவின் விரலுக்குக் கல் மாதிரி தட்டுப்பட்டதே, அந்தக் கடினத்தில் பெரும்பங்கு இந்தக் கொலாஜன்தான். இறுகிய திசு தானே ஒரு சமிக்ஞையாகிச் செல்லை இன்னும் நகரத் தூண்டுகிறது.

இத்தனையும் விளக்கியது உங்களைப் பயமுறுத்த இல்லை. ‘வேர் விட்டுவிடாதா’ என்று கேட்டீர்கள். வேர் தானாக ஓடுவதில்லை, உத்தரவு வந்தால் ஓடுகிறது, அம்மாவின் கட்டியில் அந்த உத்தரவின் பெரிய வாசல் எது என்று நமக்குத் தெரிந்திருக்கிறது. 1987இல் டென்னிஸ் ஸ்லாமனும் உடன் ஆய்வாளர்களும் ஹெர்2 ஜீன் பெருகிய பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புகிறது என்று காட்டியபோது, 3+ என்பது கெட்ட செய்தி மட்டும்தான். 1998இல் அந்த வாசலில் போய் ஒட்டும் டிரஸ்டுசுமாப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2005இல் வெளிவந்த பெரிய ஆய்வுகளில், தொடக்க நிலை நோயில் இதைச் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. பெர்டுசுமாப் என்ற இன்னொரு மருந்து ஹெர்2-வின் நீட்டிய கையையே மறித்து, ஹெர்3-வோடு சேரவிடாமல் தடுக்கிறது. இன்று 3+ என்று பார்த்தால் நான் முதலில் நினைப்பது, பிடித்துக்கொள்ள ஒரு பிடி இருக்கிறது என்றுதான்.

ஆகவே உங்கள் டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு நாளைக் கடத்தவில்லை. முதல் ஊசி ஏறிய நாளிலிருந்தே அந்த உத்தரவு வெட்டுப்படத் தொடங்குகிறது, மார்பில் மட்டுமல்ல, ரத்தத்தில் எங்காவது நழுவிப்போன செல் இருந்தால் அதிலும். கட்டி சுருங்கினால் மார்பை முழுசாக எடுக்காமல் தப்பிக்கவும் வாய்ப்புண்டு. ஈஆர், பிஆர் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களுக்கான ஏற்பிகள்) இரண்டும் நெகட்டிவான ஹெர்2 கட்டிகளில், கீமோவோடு இந்த இரண்டு மருந்தும் சேர்த்துக் கொடுத்தால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆபரேஷன் நேரத்தில் ஊடுருவிய புற்று மைக்ரோஸ்கோப்பில்கூடத் தென்படுவதில்லை. மீதி இருந்தாலும் அதுவும் பயனுள்ள தகவல்தான், ஆபரேஷனுக்குப் பின் டி-டிஎம்1 என்ற மருந்துக்கு மாற்றலாம்.

மாமாவுக்கு ஒரு பதில். கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பலர் முற்றிய பிறகுதான் ஆபரேஷனுக்கு வந்தார்கள், ஆபரேஷனுக்கு முன்பே பரவியிருந்தது பின்னால் தெரியவந்தது. பழி கத்திமேல் விழுந்தது. பயாப்சி ஊசி போன பாதையில் சில செல்கள் இடம்பெயரக்கூடும் என்பது உண்மை. அவற்றில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை, பயாப்சி எடுத்துக்கொண்டதால் யாருடைய ஆயுளும் குறைந்ததாகத் தெரியவில்லை. அந்த ஊசி குத்தாமல் இருந்திருந்தால் ஹெர்2 இருப்பதே தெரிந்திருக்காது, அதற்கான மருந்தும் கிடைத்திருக்காது.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் மனதில் இருக்கும். டிரஸ்டுசுமாப்பின் நிகர்மருந்துகள் (பயோசிமிலர்) 2014 முதல் இந்தியாவிலேயே தயாராகி விற்பனைக்கு வருகின்றன. விலை முன்பு இருந்த அளவுக்கு இல்லை. மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதல்வர் காப்பீட்டுத் திட்டம் பற்றியும், நீங்கள் அரசு ஊழியர் என்பதால் உங்களுக்குள்ள காப்பீட்டில் அம்மாவுக்கு இடமுண்டா என்பது பற்றியும் மருந்து தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மொத்தம் ஒரு வருடம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டியது இது. நடுவில் நிறுத்த வேண்டிவரக் கூடாது.

அடுத்த முறை போகும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, எக்கோ. இதயத் தசைக்கும் ஹெர்2 தேவைப்படுகிறது, அதனால் இந்த மருந்து சிலருக்கு இதயம் பம்பு செய்யும் திறனைக் குறைக்கும். தொடங்குமுன் ஒருமுறை, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுப்பார்கள். படுத்தால் மூச்சு வாங்குகிறது, கணுக்கால் வீங்குகிறது என்று அம்மா சொன்னால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் கூட்டிப் போங்கள்.

இரண்டாவது, கீமோ தொடங்குமுன் கட்டிக்குள் ஒரு சின்ன உலோகக் கிளிப் வைக்கிறார்களா என்று கேளுங்கள். அரிசியைவிடச் சிறியது, மரத்துப்போக வைத்துத்தான் வைப்பார்கள். மருந்தில் கட்டி முழுக்கக் கரைந்துவிட்டால், எந்த இடத்தை எடுப்பது என்று அறுவை மருத்துவருக்கு அடையாளம் வேண்டுமே, அதற்காக.